ஜித்தா எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்னர்ப் பென்னலூரைக் கடப்பர். ஏரியும் வயலுமாக இருந்த அப்பகுதி இன்று தொழிற்சாலைகளின் நடுவே கிடக்கிறது. ஒரு புறம் இருங்காட்டுக்கோட்டை. மறு புறம் ஒரகடம். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொறியாளர்கள் முந்திய நாள் இரவு புறப்பட்டு மறுநாள் இங்கே இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நாடு விட்டு நாடு செல்வதை மணிக்கணக்கில் பேசிப் பழகிவிட்ட பகுதி இது. இங்கிருந்து ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்றால் உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்கும் முதற் கேள்வி, “ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?” என்பதுதான். எத்தனை மைல் என்று கேட்பார் எவருமில்லை.

மைலையும் சொல்லி வைப்போம். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஜித்தா விமான நிலையத்துக்கு, உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தால், ஏறக்குறைய 4,440 கிலோமீட்டர். மைலில் 2,760. நேரே செல்லும் விமானத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். இந்தத் தூரம் நபிமார்கள் காலத்திலும் இதுவேதான். ஆனால் அதைக் கடக்கும் காலம் மட்டும் ஒன்றரை ஆண்டாகவும், எட்டு மாதமாகவும், ஒரு மாதமாகவும், ஆறு மணியாகவும் மாறி வந்திருக்கிறது. அதை மாற்றியவை எவை என்று பார்த்தால், கப்பலும் விமானமும் மட்டும் காரணமல்ல என்பது புலப்படும்.

முதலில் காற்று. நம் கடற்கரை மக்கள் வாடை என்றும் கச்சான் என்றும் வழங்குகிறார்களே, அந்த இரண்டு காற்றுகளின் கைப்பிள்ளையாகவே பாய்மரக் கப்பல் இருந்தது. கார்த்திகை மார்கழியில் தொடங்கிப் பங்குனி வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, மரக்கலத்தை அரபு நாட்டை நோக்கித் தள்ளும். செங்கடலின் தென்பாதியிலும் அந்த மாதங்களில் தெற்கிலிருந்து காற்று வீசுவதால் ஜித்தாவை நோக்கி ஏறுவதற்கு அதுவே பருவம். வைகாசிக்குப் பின் காற்று திரும்பிவிடும். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்றின் சீற்றத்தில் அரபிக்கடலில் மரக்கலம் விடுவார் இல்லை. அந்தச் சீற்றம் தணிந்து வரும் ஆவணியில்தான் அங்கிருந்து ஊர் திரும்ப முடியும்.

காற்று சூரியனுக்குக் கட்டுப்பட்டது. ஹஜ்ஜோ சந்திரனுக்குக் கட்டுப்பட்டது. துல்ஹஜ் மாதம் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஆகவே காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ புறப்பட்ட ஒரு மரக்காயரின் பயணக் காலம், அவர் எந்த ஆண்டில் புறப்பட்டார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

கணக்கிட்டுப் பாருங்கள். ஹஜ் ஜூன் மாதத்தில் வருகிற ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் புறப்பட்டவர் மார்ச்சுக்குள் ஜித்தாவில் இறங்கி, மூன்று மாதம் ஹரமில் தங்கி, ஹஜ்ஜை முடித்து, செப்டம்பரில் ஊர் வந்து சேரலாம். எட்டு மாதம். ஹஜ் நவம்பரில் வந்தாலோ, மார்ச்சில் இறங்கியவர் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஹஜ் முடிந்த பின்னரும் திரும்புங்காற்றுக்காக மறு ஆண்டு ஆவணி வரை காத்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். கப்பல் ஒன்று, மாலுமி ஒருவர், கடல் ஒன்று. தகப்பனார் எட்டு மாதத்தில் சென்று வந்த பயணம் மகனுக்கு இரு மடங்குக்கு மேல் நீண்டது. கடன்களைத் தீர்த்து, மரண சாசனம் எழுதி வைத்து, ஊராரிடம் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்படும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பேன்.

தரை வழியும் விரைவானதல்ல. இப்னு பதூதா 1325-ல் தமது இருபத்தொன்றாம் வயதில் தஞ்சை (தான்ஜியர்) நகரிலிருந்து புறப்பட்டு, 1326-ன் பிற்பகுதியில்தான் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். பிற்காலத்தில் மதுரைச் சுல்தான்களின் மஅபர் நாட்டுக்கும் வந்து சென்றவர் அவர். மொராக்கோவின் தஞ்சையைச் சோழநாட்டுத் தஞ்சையென்று எண்ணி மகிழ்ந்த அன்பர்களும் உண்டு. அது வேறு கதை.

காற்றுக்கு அடுத்தபடி காகிதம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேயர் இந்துமாக் கடலைத் தமதெனக் கொண்டு, ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைப் பிடிக்கலாயினர். கடல் வழியில் அவர்களுடைய சீட்டு. தரை வழியில் ஈரான் அரசின் இடையூறு. வழியில் அச்சமற்ற நிலை ஹஜ் கடமையாவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாதலால், இந்த நிலையில் இந்திய முஸ்லிம்கள் மீது ஹஜ் கடமைதானா என்றே முகலாயர் அவையில் ஆலிம்கள் வாதிட்டனர். காற்றும் கப்பலும் இருந்தும், ஒரு துண்டுக் காகிதம் மக்காவை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டது.

பென்னலூர்ப் பக்கத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு பங்குண்டு. ஆர்க்காட்டிலிருந்து சென்னைக்கு வரும் பழைய பாதை காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், பூவிருந்தவல்லி வழியாகவே வந்தது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, ஹாஜிகளுக்குப் பொருளும் மரக்கலமும் உதவியவர். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வந்த மக்கள் இவ்வழியே மாட்டு வண்டியில் வந்தனர். ஆர்க்காட்டிலிருந்து சென்னைக்கு அன்று வண்டியில் ஆன நாட்கள், இன்று ஜித்தா சென்று திரும்பும் நேரத்தைவிட அதிகம்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் அனைத்தும் செங்கடல் வழியாயின. ஜித்தா பெருவழியின் மேல் வந்துவிட்டது. 1871-ல் சென்னை ரயில் பாதையும் பம்பாய் ரயில் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதுமுதல் தமிழக ஹாஜிகள் பலருக்குப் பம்பாயே துறைமுகமாயிற்று. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஏறக்குறைய 2,350 கடல் மைல். நீராவிக் கப்பலுக்குச் சுமார் பத்து நாள். காற்றை மனிதன் வென்றுவிட்டான் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்துக்கு 1880-ல் ஓர் அடி விழுந்தது. ‘ஜித்தா’ என்ற பெயரையே தாங்கிய ஒரு கப்பல், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஜூலை மாதத்தில் மேற்கே புறப்பட்டது. ஜூலை! பாய்மரக்காரர் எவரும் அரபிக்கடலை ஏறிட்டும் பாராத மாதம். நீராவி இருக்கிறதென்ற துணிவு. தென்மேற்குக் காற்றின் அலைகளில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் கொதிகலன்கள் தம் பீடத்திலிருந்து பெயர்ந்தன. தண்ணீர் உள்ளே புகுந்தது. ஆகஸ்ட் 8-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் கிழக்கு முனைக்கு அருகில், கப்பல் தலைவர் கிளார்க்கும் அதிகாரிகளும் படகொன்றில் இறங்கி ஹாஜிகளைக் கைவிட்டுச் சென்றுவிட்டனர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடன் சேர்ந்த அவர்கள், கப்பல் மூழ்கிற்று, ஹாஜிகள் அனைவரும் மாண்டனர் என்று அறிவித்தனர். மறுநாள் ‘ஆன்டனோர்’ என்ற கப்பல், மூழ்காத ‘ஜித்தா’வை இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகத்துள் நுழைந்தது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஹாஜிகள் உயிரோடிருந்தனர்! நாட்கணக்கில் தண்ணீரை இறைத்து இறைத்தே அவர்கள் கப்பலைக் காத்திருந்தனர். கிளார்க்குக்குக் கிடைத்த தண்டனை, மூன்றாண்டுக்குச் சான்றிதழ் நிறுத்தம். ஜோசப் கான்ராட் 1900-ல் நூலாக வெளியிட்ட ‘லார்ட் ஜிம்’ என்ற ஆங்கில நாவலுக்கு இந்நிகழ்ச்சியே வித்து. ஆனால் நாவலைப் படிப்போர் மனத்தில் நிற்பவன் ஓடிப்போன அதிகாரியே. தண்ணீர் இறைத்த ஹாஜிகளுக்குக் கதையில் பெயரில்லை.

நீராவி மிச்சப்படுத்திய நாட்களை நோய் பிடுங்கிக்கொண்டது. 1865-ல் ஹிஜாஸில் வாந்திபேதி பரவி ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டது. அந்நோய் ஐரோப்பாவுக்கும் சென்றதால், 1866-ல் கான்ஸ்டான்டினோபிளில் வல்லரசுகள் கூடி ஆராய்ந்தன. அதன் விளைவுகளுள் ஒன்று, யமன் கரைக்கருகே கம்ரான் தீவில் 1882 முதல் உதுமானிய அரசு நடத்திய தொற்றுத் தடை முகாம். தெற்கிலிருந்து வரும் ஹாஜிக் கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். உடுப்புகளை நீராவியில் அவித்துத் தருவார்கள்; பத்து நாளும் அதற்கு மேலும் தங்க வைப்பார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் பத்து நாள் என்றால், கம்ரானில் பத்து நாள்! மைல் ஒன்றும் கூடவில்லை. காலம் மட்டும் இரட்டித்தது. முதல் உலகப் போரின்போது தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னரும் முகாம் நீடித்து, 1952-ல்தான் மூடப்பட்டது. நோய்த் தடுப்பு தேவையற்றதென்று எவரும் சொல்லார். ஆனால் அதன் பளுவை முழுவதும் தாங்கியவர்கள் மேல்தளத்தில் படுத்துச் சென்ற ஏழை ஹாஜிகளே.

விடுதலைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் கப்பலே பொதுவழியாக இருந்தது. மொகல் லைன் நிறுவனத்தின் ‘முஹம்மதி’, ‘முஸஃப்பரி’, பின்னர் ‘அக்பர்’ ஆகிய பெயர்கள் நம் முதியோர் பலரின் நாவில் ஊர்ப் பெயர்களைப் போலப் புழங்கின. பம்பாய் முசாபர்கானாவில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களும், தளத்தில் நடந்த ஜமாஅத் தொழுகையும், ஒரே தட்டில் உண்ட மலையாளிகளும் வங்காளிகளும் குஜராத்திகளும் அவர்களுடைய ஹஜ்ஜின் ஒரு பகுதியாகவே இருந்தனர். கடற்பயணத்தின்போதே கிரியைகளைக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மொகல் லைன் 1986-ல் இந்தியக் கப்பல் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் நின்றன.

இனி வானம். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். கடிதங்களைச் சுமந்து வந்த அந்தச் சிறு விமானத்திலிருந்து, சில நூறு ஹாஜிகளைச் சுமக்கும் ஜெட் விமானம் வரை வளர்ந்த கதை பலரும் அறிந்தது. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. காற்று இன்னும் விடைபெறவில்லை!

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கடல் மட்டத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. ஆனால் அதற்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு அப்பாலும், நம் தீபகற்பத்தின் மேல் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அது பெரும் வேகங்கொள்ளும். இந்தக் கீழைத் தாரைக்காற்றை ஆராய்ந்து 1958-ல் உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பாய்மரக் கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த அதே ஆனி ஆடியில், மேற்கே பறக்கும் விமானத்துக்கு மேலைக் காற்று முதுகில் கை கொடுக்கிறது. கீழே தடை, மேலே துணை. சில நிமிடங்களே வேறுபடும் என்றாலும், ஒரு மாதத்தில் ஒரு கடலின் மேல் இரு திசைக் காற்றுகளை ஏற்படுத்திய அல்லாஹ்வின் ஆற்றலை எண்ணி வியவாதிருக்க முடியவில்லை.

மணிக்கணக்கிலும் ஒரு வியப்புண்டு. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்க ரேகையில் 41 பாகை வேறுபாடு. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம். கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது ஜித்தா. ஜூன் மாதத்தில் ஒருவர் லுஹர் தொழுதுவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறார் என்போம். ஆறு மணி நேரம் சென்று, பென்னலூரில் அவர் வீட்டார் மக்ரிப் தொழுது இஷாவும் நெருங்கிவிட்ட இரவு 8 மணிக்கு, அவர் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே மாலை 5.30. சூரியன் மறையவில்லை. அவருக்கு இன்னும் அஸர் நேரம்! அவர் தொழ வேண்டியது தம் கண்முன் நிற்கும் சூரியனைக் கொண்டேயன்றி, கையில் கட்டியுள்ள சென்னைக் கடிகாரத்தைக் கொண்டன்று.

நம் இமாம்கள் இதையெல்லாம் எண்ணாமல் விட்டார்களா? பயணத் தூரத்தை அவர்கள் மர்ஹலா என்னும் அளவால், அதாவது ஒரு நாள் நடையால், அளந்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கு இரண்டு மர்ஹலா; ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணம். தூரத்தைக் காலத்தாலேயே அளந்தவர்கள், அந்தக் காலம் சுருங்கினால் என்னாவது என்ற கேள்வியையும் அன்றே எழுப்பினர். அவ்வளவு தூரத்தைக் கண்ணிமைப் பொழுதில் ஒருவன் கடந்துவிட்டாலும் அவன் பயணியே, கஸ்ரு அவனுக்கு உண்டு என்று ஷாஃபிஈ சட்ட நூலோர் விடையும் கூறினர். விமானம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் கூறிய விடை அது.

மீக்காத்தில் மட்டும் வேகம் சிக்கலை உண்டாக்கிற்று. கப்பல் ஹாஜிகளுக்குக் கம்ரானைத் தாண்டி யலம்லமுக்கு நேராக வரும்போது அறிவிப்புச் செய்வார்கள். குளித்து, இஹ்ராம் உடுத்து, தல்பியா முழங்க நேரமிருந்தது. விமானம் மீக்காத்தின் எல்லையைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஜித்தாவிலேயே இஹ்ராம் கட்டலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. பேணுதலாக, நேரே ஜித்தா செல்லும் நம் ஹாஜிகள் ஊர் விமான நிலையத்திலேயே இஹ்ராம் உடையணிந்து புறப்படுகின்றனர். செங்கடலின் நடுவே ஒலித்த தல்பியா இன்று மீனம்பாக்கத்தின் வாயிலிலேயே தொடங்குகிறது. முதலில் மதீனா செல்வோர் பிற்பாடு துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆறு மணியில் ஜித்தா சேர்ந்தபின்? 1981-ல் திறக்கப்பட்ட அப்துல் அஸீஸ் மன்னர் விமான நிலையத்தில் ஹாஜிகளுக்கென்றே ஒரு தனி முனையம் உண்டு. பாலைவனக் கூடாரங்களைப் போல 210 கூரைகள். ஒவ்வொன்றும் 45 மீட்டர்ச் சதுரம். இதன் அமைப்பில் முதன்மைப் பங்காற்றிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், வங்கத்தில் பிறந்த முஸ்லிம். சிகாகோவின் வானளாவிய சியர்ஸ் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்தவரும் அவரே. 1982 மார்ச்சில் ஜித்தா சென்றிருந்தபோது, ஐம்பத்திரண்டாம் வயதில், அந்நகரிலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த முனையத்தை வகுத்தபோது அவர்கள் கருத்திற்கொண்ட கணக்கைக் கவனியுங்கள்: வந்திறங்கும் ஹாஜி 18 மணி நேரம் வரையிலும், திரும்பும் ஹாஜி 36 மணி நேரம் வரையிலும் அங்கே காத்திருக்க நேரலாம்! பறக்கும் நேரம் ஆறு மணி என்றால் காத்திருப்பு அதன் மும்மடங்கும் அறுமடங்கும். கம்ரான் மூடப்பட்ட பின்னும் காத்திருப்பு மூடப்படவில்லை. பந்தலும் காற்றோட்டமும் தந்து அதை மரியாதைப்படுத்தினார்கள் என்பதே வேறுபாடு.

பெரிய காத்திருப்பு அதற்கும் முன்பே, வீட்டிலேயே நிகழ்கிறது. நாட்டுக்கு இத்தனை பேர் என்று சவூதி அரசு ஒதுக்குகிறது. 2025-ல் இந்தியாவுக்குக் கிடைத்தது 1,75,025. அதில் ஹஜ் குழுவின் வழியாகச் செல்ல விண்ணப்பிப்போர் குலுக்கலுக்காகக் காத்திருக்கிறார்கள். முன்னோர் காற்றை எதிர்நோக்கியிருந்தனர்; நாம் பட்டியலை எதிர்நோக்கியிருக்கிறோம். விமானக் கட்டணத்துக்கு அரசு தந்து வந்த மானியத்தைப் பத்தாண்டில் நிறுத்தும்படி 2012-ல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2018-ல் அது நின்றது.

தூரமும் காலமும் எப்படி வேறுவேறு என்பதற்கு அண்மைச் சான்று 2022. பெருந்தொற்றுக்குப் பின் ஹஜ் புறப்பாட்டு நிலையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டபோது சென்னை நீக்கப்பட்டது. தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏறும்படி ஆயிற்று. வரைபடத்தைப் பார்ப்பவர், கொச்சி ஜித்தாவுக்கு இன்னும் அருகில்தானே என்பார். உண்மைதான். கொச்சியிலிருந்து ஜித்தா சுமார் 4,170 கிலோமீட்டர். சென்னையைவிட 270 கிலோமீட்டர் குறைவு. வானில் இருபது நிமிட மிச்சம். ஆனால் பென்னலூரில் வசிக்கும் ஓர் எழுபது வயது மூதாட்டிக்கு மீனம்பாக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கொச்சியோ அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், ஓர் இரவு முழுவதும் ரயிலில். வழியனுப்ப வரும் பிள்ளைகளுக்கும் அதே அலைச்சல், அதே செலவு. இருபது நிமிடத்தை மிச்சப்படுத்த ஓர் இரவைக் கொடுத்தார்கள். இதைச் சிறு குறையென்று சொல்லித் தள்ளுவோர், முதியோரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றி அறியாதவராகவே இருப்பர். சென்னையை மீண்டும் சேர்க்க வேண்டுமென்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். சமுதாய அமைப்புகளும் வேண்டின. 2023-ல் சென்னையிலிருந்து ஹஜ் விமானங்கள் மீண்டும் புறப்பட்டன.

இதனிடையே பென்னலூருக்கு மேற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையுமென்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. தங்கள் வயல்களும் ஏரிகளும் வீடுகளும் போய்விடுமென்று ஏகனாபுரத்து மக்கள் அதை எதிர்த்துப் போராடி வருகின்றனர். அங்கே நிலையம் எழுமானால் ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் குறையும். பறக்கும் நேரத்தில் மூன்று நிமிடம். பென்னலூரிலிருந்து எந்த நிலையத்துக்கு விரைவில் போகலாம் என்பதை, வானத்தைக் கேட்பதைவிட, நெடுஞ்சாலையில் தொழிற்சாலை மாறுநேரத்தில் வரிசையாக நிற்கும் லாரிகளையும் ஊழியர் பேருந்துகளையும் கேட்பதே நல்லது. பயண அனுபவமுள்ள ஹாஜிகள் விமானம் இரவு பத்து மணிக்கு என்றால் அஸர் தொழுத கையோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.